இந்தமுறை தங்கியிருக்கு

எங்கள் பக்கத்துப் பெண்கள் 'கர்ப்பம்' என்று வாயால் சொல்லமாட்டார்கள். அது கிளினிக் வாசலில் பெயின்ற் அடித்து வைத்திருக்கும் சொல். வீட்டில் சொல்வது 'முழுகாமல் இருக்கிறா' என்றுதான். மாதவிலக்கு முடிந்து தலைக்கு முழுகுவது வழக்கம். முழுக வேண்டிய நாள் வந்தும் ஒருத்தி முழுகவில்லையென்றால் காரியம் என்னவென்று எல்லோருக்கும் விளங்கிவிடும். வயிறு தள்ளிய பிறகு அவள் 'பிள்ளைத்தாச்சி'. இதெல்லாம் வயிற்றில் வந்தது வயிற்றிலேயே இருக்கும் என்று நம்பக் கொடுத்துவைத்தவர்களின் சொற்கள். என்னைப் போல உண்டாகி உண்டாகி அழிந்தவர்களுக்கு வேறொரு சொல் இருக்கிறது: தங்கிறது. 'தங்கேல்லை' என்றால் போய்விட்டது. 'தங்கியிருக்கு' என்றால் இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். அதில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் கூட. அந்தச் சொல்லை ஒரு கடிதத்தில் எழுதப்போய் என் மனுசனை நான் பறிகொடுக்கப் பார்த்தேன்.

அப்போது நாங்கள் லிங்கநகரில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். அவர் துறைமுகத்தில் ஸ்டோர்ஸ் கிளாக்கர். கலியாணமாகி நாலு வருசம். முதல் தரம் உண்டானபோது நான் சொன்ன அன்றே அவர் துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டார். கிரேன் ஓட்டுகிறவர் முதல் கேற்றில் பாஸ் பார்க்கிறவர் வரை ஒருவர் மிச்சமில்லை. பத்தாவது கிழமை அது தங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர்கள் ஒவ்வொருவராக "வீட்டில எப்பிடி, சுகமோ?" என்று கேட்க, இவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் திரிந்தார். இரண்டாம் தரம் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது. சிரிப்பை அடக்கத் தெரியாத முகம் அது. அதுவும் போனபோது குசினிக்குள் தேங்காய் திருவுகிற பலகையில் குந்தியிருந்து சத்தமில்லாமல் அழுதார். நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

மூன்றாம் தரம் நாள் தள்ளிப்போனபோது நான் வாயைத் தைத்துக்கொண்டேன். நாலாம் மாதம் பிறக்கும்வரை அவருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த மனுசன் இன்னொரு தரம் குசினிக்குள் குந்தியிருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் அரைவீட்டில் இதை மறைப்பது லேசான வேலையா? கிணறு பொது. யார் எப்போது முழுகுகிறாள் என்பது மற்றப் பாதியில் குடியிருந்த அக்காவுக்கு அத்துப்படி. ஆகவே நான் முழுகினேன். தீட்டு என்று சொல்லி மூன்று நாள் சாமிப்படத்துக்கு விளக்கேற்றாமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் தேசிக்காய் தேய்த்துத் தலைக்கு வார்த்து, ஈரத் தலையோடு கிணற்றடியில் நின்று எல்லோருக்கும் காட்டினேன். முழுகாமல் இருந்தவள் மாதாமாதம் முழுகிக் காட்டிய கூத்து ஊரில் வேறு எங்கும் நடந்திருக்காது. சத்தி, வாந்தி வந்தால் வாயுத் தொல்லை என்றேன். பாவம், அவர் இஞ்சி இடித்து அவித்துத் தந்தார்.

ஆனால் ஒருவருக்கும் சொல்லாமல் எத்தனை நாள்தான் வைத்திருப்பது? நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இறக்கக்கண்டியில் இருந்த என் கூடப்பிறந்த அக்காவுக்கு மட்டும் சொல்ல நினைத்தேன். பஸ்ஸில் குலுங்கிப் போகப் பயம். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் அங்கே போய், அக்காவின் பிள்ளைகளுக்கு ஏதும் கொடுத்துவிட்டு மீன் வாங்கி வருவார். அவர் கையிலேயே கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். சோற்றுப் பருக்கை தேய்த்து உறையை ஒட்டி, "இது பொம்பிளையளின்ர கதை. பிரிச்சுப் பார்க்கிறேல்லை," என்றேன். பிரித்துப் பார்க்கிற ஆளும் இல்லை அவர். அந்த நல்ல குணமே வினையாகப் போனது.

கடிதத்தில் எழுதியது இன்றைக்கும் மனப்பாடம். "அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சுகம். இந்தமுறை தங்கியிருக்கு. மூன்று மாதம் முடியப் போகுது. முதல் இரண்டும் போனமாதிரி இதுவும் போகக்கூடாது எண்டு கோணேசரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறன். அவருக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சனத்தின்ர கண்ணில படாமல் கவனமாய் வைச்சிருக்கிறன். நாலாம் மாதம் வந்தால் பயமில்லாமல் வெளியில சொல்லலாம். வாசிச்சவுடன இதை அடுப்பில போடுங்கோ."

வயிறு என்ற சொல்லோ, பிள்ளை என்ற சொல்லோ அதில் ஓரிடத்திலும் இல்லை. கண்ணூறு பட்டுவிடும் என்று வேண்டுமென்றே விட்டேன். அக்காவுக்கு அது தேவையுமில்லை. அவளும் ஒன்றைப் பறிகொடுத்தவள்.

அவர் காலை ஏழு மணிக்குப் போனார். பத்து மணிபோல மற்றப் பாதி அக்கா நைட்டிக்கு மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தா.

"பிள்ளை! உன்ர மனுசனை உப்புவெளிச் சென்றியில இருத்தி வைச்சிருக்கிறாங்களாம். சைக்கிள் வேலியோட விழுந்து கிடக்காம். என்ர தம்பி பஸ்ஸால வரேக்க கண்டவன்."

"அடையாள அட்டை கொண்டு போனவரக்கா. துறைமுகப் பாசும் இருக்கு. பிறகேன்?"

கேட்டு முடிக்கவில்லை, கடிதம் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வரியாக வந்தது. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் ஒரு இரவு வெளியாள் தங்கினாலும் பதிய வேண்டும். யார் யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்கு ஒரு பட்டியல் ஆமி முகாமில் இருந்தது. எங்கள் பட்டியலில் இரண்டே பேர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து, துறைமுகத்துக்குள் போய்வரப் பாஸ் வைத்திருக்கிற ஒருவர், ஒட்டிய உறைக்குள் 'மூன்று மாதமாகத் தங்கியிருக்கு, ஒருத்தருக்கும் தெரியாது, வாசித்ததும் எரித்துவிடு' என்று கடிதம் கொண்டு போகிறார். ஐயோ கடவுளே! நானே என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கியபோது எனக்கு முதலில் வந்த எண்ணம் அவரைப் பற்றியது அல்ல. ஓடாதே, மெல்ல நட என்பதுதான். அதை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது. மற்றப் பாதி அக்கா என் கையைப் பிடித்து இழுக்க, நான் முட்டை சுமக்கிறவளைப் போல நடந்தேன். "கெதியா வாவன், என்ன கலியாண ஊர்வலமே?" என்று அவ ஏசினா. ஓட்டோக்காரரிடம் மெல்ல ஓட்டுங்கோ என்று நான் சொல்ல, அவ வேகமாக ஓட்டு என்று சொல்ல, அந்த மனுசன் குழம்பிப்போனார்.

சென்றியில் காவலுக்கு நின்ற ஆமிக்காரர் எங்களை உள்ளே இருந்த முகாமுக்கு அனுப்பினார்கள். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, வாசலில் காவலுக்கு ஒருவன். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற சார்ஜன்ட், நாங்கள் சாஜன் என்போம், அவருக்குத் தெரியும். சின்ன வயதில் தகப்பனோடு சந்தையில் கடை போட்டிருந்தபோது பழகிய தமிழாம். சாமான் வாங்க, விற்க, ஏச, எல்லாவற்றுக்கும் போதுமான தமிழ். பெண்கள் கிணற்றடியில் பேசுகிற தமிழ் அவர் காதில் ஏன் விழப்போகிறது? என் கடிதம் மேசையில் விரித்துக் கிடந்தது. என் மனுசனைக் காணவில்லை. பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவடியில் அவருடைய செருப்புகள்.

"நீதானே எழுதினது?"

"ஓம் ஐயா."

"வீட்டில யார் தங்கியிருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை ஐயா. நானும் அவரும்தான்."

"யார் அவர்? இதில எழுதியிருக்கு, அவருக்கும் தெரியாது. பெரிய ஆளா?"

"என்ர மனுசன், ஐயா."

"புருசனுக்குத் தெரியாம மூணு மாசம் வீட்டில ஆள் வைச்சிருக்கிறதா? என்ன கதை கதைக்கிறாய்?" சாஜன் கடிதத்தில் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். "முதல் ரெண்டும் போனது. எங்க போனது? காட்டுக்கா?"

அந்த நாட்களில் 'போனது' என்றால் ஒரேயொரு அர்த்தம்தான். பிள்ளைகள் போய்விட்டார்கள் என்றால் ஆயுதம் எடுக்கப் போய்விட்டார்கள். சாஜன் வாசித்தது எழுத்துக்கு எழுத்துச் சரி. அர்த்தம்தான் முழுக்க வேறு. வேற்று ஆண்கள் நிற்கிற இடத்தில், மூன்று மாதம் கட்டின மனுசனுக்கும் மறைத்ததை, இனிச் சொல்லத்தான் வேண்டும்.

"ஐயா, அது ஆள் இல்லை. நான்... நான் முழுகாமல் இருக்கிறன்."

சாஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முழுகாட்டிப் போய் முழுகு! அதை ஏன் இஞ்ச வந்து சொல்றது?"

அதை அதிகாரிக்கும் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி முகத்தைச் சுளித்தார். வாசலில் நின்றவன் சிரித்தான். நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல நின்றேன். ஆனால் பக்கத்தில் நின்ற அக்காவுக்கு விளங்கிவிட்டது. வாயில் கையை வைத்துக்கொண்டா. வைத்தபடி இருந்திருக்கக்கூடாதா?

"என்னடி பிள்ளை சொல்லுறாய்? போன கிழமைதானே கிணத்தடியில தலை முழுகினனி! நான் கண்ணால கண்டனான்!"

இந்தத் தமிழ் சாஜனுக்கு நன்றாக விளங்கியது. "ஆ! இவ முழுகினது எண்டு அவ சொல்றா. இவ முழுகேல்லை எண்டு சொல்றா. ரெண்டு பேரில யார் பொய்?"

அக்காவுக்கு அப்போதுதான் தான் செய்த வேலை உறைத்தது. "ஐயா, பிள்ளைத்தாச்சி! இவள் பிள்ளைத்தாச்சி ஐயா!" என்று கத்தினா. அந்தச் சொல் சாஜனுக்குத் தெரிந்திருந்தது. என் வயிற்றைப் பார்த்தார். அது வழக்கம்போலத் தட்டையாகக் கிடந்தது. "எங்க?" என்றார். "பிள்ளைத்தாச்சி எண்டா வயிறு எங்க?"

அந்த நேரத்தில்தான் கிளினிக் வாசலில் மூன்று மொழியில் எழுதியிருந்த பலகை எப்படியோ என் நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் ஒரு நாளும் நான் வாயால் சொல்லியிராத சொல். சாஜனை விட்டுவிட்டு அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன்.

"கர்ப்பிணி. சேர், நான் கர்ப்பிணி."

சாஜன் வாயைத் திறக்கமுன் அதிகாரி நிமிர்ந்தார். "கெபினி?" என்றார்.

"ஓம் சேர், ஓம். கர்ப்பிணி."

அவர் கடிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு மொழிக்காரருக்கும் இந்தக் காரியத்துக்கு ஒரே வேரில் ஒரு சொல் இருந்திருக்கிறது. எனக்கோ அது பலகையில் எழுதிய சொல்லாக மட்டும் இருந்தது. அதிகாரி ஏதோ நீளமாகச் சொன்னார். சாஜன் தமிழில் சொன்னார்: "சேர் கேக்கிறார், கிளினிக் காட் எங்க?"

பிள்ளைத்தாச்சிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கிற அந்த அட்டை என்னிடம் இல்லை. கிளினிக்குக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நான் போகவேயில்லை. இல்லையென்று சொன்னதும் அதிகாரியின் முகம் பழையபடி ஆனது.

"டொக்டரிட்ட துண்டு எழுதி எடுத்துக்கொண்டு வா. நாலு மணிக்கு வாகனம் போகும். அதுக்கு முதல் வா."

வாகனம் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. ஒருவரும் கேட்பதில்லை. வாகனத்தில் ஏற்றப்பட்டவர்கள் எந்த ஊரில் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே வீட்டுக்காரர் மாதக்கணக்கில் அலைவார்கள். சிலரை அலைந்தும் கண்டுபிடிக்கவில்லை. அப்போது மணி பன்னிரண்டேகால்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அக்கா ஓட்டோவுக்குள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏசினா. "மூண்டு மாசமாய் என்ர கண்ணையே கட்டிப்போட்டியே, கள்ளி! பக்கத்தில இருக்கிற எனக்குமே சொல்லேல்லை?" ஏசிக்கொண்டே, பள்ளம் வரும்போதெல்லாம் தன் கையை என் முதுகுக்குப் பின்னால் கொடுத்துத் தாங்கினா.

ஞாயிற்றுக்கிழமை. கிளினிக் பூட்டு. வார்டில் நின்ற மருத்துவிச்சி, ஐம்பது வயது தாண்டிய கறாரான மனுசி, "செவ்வாய்க்கிழமை வாரும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினா. நான் அவவின் வெள்ளைச் சேலையைப் பிடித்துக்கொண்டேன். கடிதம், முழுகியது, முழுகாதது, நாலு மணி வாகனம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நடைபாதையில் நின்று கொட்டினேன். அவ சின்னப் போத்தல் ஒன்றைத் தந்து சலம் எடுத்து வரச் சொன்னா.

கக்கூசுக்குள் போன இடத்தில் கண்டேன். உள்பாவாடையில் குன்றிமணி அளவு சிவப்பு.

எனக்கு அந்தச் சிவப்பைத் தெரியும். முதல் இரண்டும் இப்படித்தான் தொடங்கின. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் என் மனம் சொன்னதை ஒளிக்காமல் எழுதுகிறேன்: 'இன்னும் ரெண்டு மணித்தியாலம் இரு. துண்டு கைக்கு வரும்வரைக்கும் இரு.' ஒரு தாய் நினைக்கிற நினைப்பா அது? சாட்சி சொல்ல வந்த ஆளிடம் கெஞ்சுவது போல என் பிள்ளையிடம் கெஞ்சினேன். மறுகணம் என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது.

மருத்துவிச்சியிடம் சொன்னதும் அவவுடைய நடையே மாறிவிட்டது. ஒரு இளம் டொக்டரை இழுத்துக்கொண்டு வந்தா. பார்த்தார், பரிசோதித்தார். "பிள்ளை இருக்கு. இப்ப இருக்கு," என்றார். அந்த 'இப்ப' என்ற சொல்லை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன். உடனே கட்டிலில் படுக்க வேண்டும், எழும்பவே கூடாது என்றார். துண்டை எழுதினார். "சிங்களத்திலையும் எழுதுங்கோ டொக்டர். வார்டில படுத்திருக்கிறா, அசைய ஏலாது எண்டும் எழுதுங்கோ," என்று மருத்துவிச்சி அவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தா.

துண்டு கைக்கு வந்ததும் நான் கட்டிலை விட்டு இறங்கினேன். என்னைத்தானே கொண்டுவரச் சொன்னார்கள்.

"எங்க போறீர்?" மருத்துவிச்சி என் தோளை அமத்தினா. "இப்ப எழும்பினால் பிள்ளை இல்லை. சொல்லிப்போட்டன்."

"நான் போகாட்டி அவர் இல்லை!" என்று கத்திவிட்டேன். முழு வார்டும் திரும்பிப் பார்த்தது. ஒரு கால் நிலத்தில், ஒரு கால் கட்டிலில். எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

அக்காதான் துண்டைப் பறித்தா. அந்த மனுசிக்குச் சீருடையைக் கண்டாலே கைகால் நடுங்கும். முகாமில் என் கையை அவ பிடித்திருந்தது எனக்குத் துணையாக இல்லை, தனக்குத் துணையாக. "தா இஞ்ச. நீ படு," என்றா. "தனியப் போய் என்னக்கா கதைப்பீங்கள்?" என்றேன். "நீ சொன்ன அந்தச் சொல்லைத்தான் சொல்லுவன். கர்ப்பிணி, கர்ப்பிணி எண்டு கத்திக்கொண்டே உள்ளுக்குப் போவன்." துண்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனா. அப்போது இரண்டு மணி.

கால்மாட்டில் செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்தினார்கள். தலை கீழே, கால் மேலே. எனக்கு நேரே சுவரில் மணிக்கூடு. இரண்டரை. மூன்று. அடிவயிற்றில் ஏதும் இழுக்கிறதா என்று கவனித்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தேன். ஒன்றுக்காகக் கடவுளைக் கும்பிடும்போது மற்றதைக் கைவிடுகிறேனோ என்று பயம் வந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பேராசை என்று இரண்டையும் எடுத்துவிடுவாரோ என்று இன்னொரு பயம். நாலு மணி. வாகனம் போயிருக்கும். நாலரை. அக்காவையும் பிடித்து வைத்துவிட்டார்களோ? பக்கத்துக் கட்டில் பெண் தேத்தண்ணி தந்தாள். படுத்தபடி குடிக்கப்போய் மார்பில் ஊற்றிக்கொண்டேன்.

ஐந்து மணிக்குப் பார்வையாளரை விட்டார்கள். முதல் ஆளாக அவர் வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. பின்னால் அக்கா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், "துண்டைக் கண்டதும் விட்டுட்டாங்களடி, விட்டுட்டாங்கள்," என்றா. அவர் கால்மாட்டில் செங்கற்களுக்குப் பக்கத்தில் நின்றார்.

"மூண்டு மாசமோ?"

"முடியப் போகுது."

"வாயுத் தொல்லை எண்டு சொன்னீர்."

"ஓம்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வீட்டில ஆர் இருக்கினம் எண்டு கேட்டவங்கள். ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னனான். திருப்பித் திருப்பிக் கேட்டாங்கள். நாலு தரம் சொன்னனான். கடைசியாய், கோணேசராணை என்ர வீட்டில ஒருத்தரும் இல்லையெண்டு..."

வயிற்றில் ஒன்று இருக்க, பெற்ற தகப்பன் கோணேசர்மேல் ஆணையிட்டு இல்லையென்று சொல்லியிருக்கிறார். இல்லையென்றது ஒரு தரமல்ல, நாலு தரம். இரத்தம் பட்ட நேரத்தையும் அவர் சத்தியம் பண்ணிய நேரத்தையும் என் மனம் உடனே ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. தலைகீழாகப் படுத்தபடியே பாய்ந்தேன்.

"உங்களை ஆர் சத்தியம் பண்ணச் சொன்னது?"

"அடிச்சவங்களப்பா."

"அடிச்சால்? பிள்ளை இல்லையெண்டு சத்தியம் பண்ணுறதே?"

"எனக்குத் தெரியாதே," என்றார் மெல்ல. "நீர் சொல்லேல்லையே."

நான் வாய்க்காரி. என் வாய்க்குப் பதில் சொன்னவர்கள் குறைவு. அன்றைக்கு அவர் சொல்லிவிட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். அவர் வீங்கிய கன்னத்தோடு என் கால்களைப் பிடித்து விட்டுக்கொண்டு பார்வையாளர் நேரம் முடியும்வரை நின்றார்.

நாலாம் நாள் இரத்தம் நின்றது. பத்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். குனியக்கூடாது, தூக்கக்கூடாது, கிணற்றடிக்குப் போகக்கூடாது. அக்கா சமைத்தா, அவர் துணி தோய்த்தார், நான் படுத்தபடி இருவரையும் ஏசினேன். நாலாம் மாதம் வந்தது, ஐந்தாம் மாதம் வந்தது. பயம் போவதாக இல்லை. இரவில் அசைந்து படுக்கவும் பயம். அசையாமல் கிடந்தால் அதுவும் அசையவில்லையோ என்று பயம். அவர் துறைமுகத்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்வந்தார். பண்ணின சத்தியத்தைத் திருப்பி எடுக்க வழி இருக்கிறதா என்று ஐயரைக் கேட்டாராம். ஐயர் சிரித்துவிட்டு விபூதி கொடுத்தனுப்பினாராம். அந்த விபூதியை என்னிடம் தரும்போது அவர் சிரிக்கவில்லை.

ஆறாம் மாதம் ஒரு காலையில் எங்கள் பக்கத்தை ஆமிக்காரர் சுற்றிவளைத்தார்கள். வீடு வீடாகப் பட்டியலோடு வந்து ஆட்களை எண்ணிப் பார்க்கிற நாள். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். திரைச்சேலைக்கு அப்பால் வாசலில் அவர் நிற்பதும் பூட்ஸ் சத்தமும் கேட்டன. அரைகுறைத் தமிழில் ஒரு குரல் கேட்டது.

"வீட்டில எத்தனை பேர்?"

"மூண்டு," என்றார் அவர்.

தாள் புரள்கிற சத்தம் கேட்டது.

"லிஸ்ட்டில ரெண்டு."

"இல்லை. மூண்டு பேர்."

மற்றப் பாதியில் அக்கா இடித்துக்கொண்டிருந்த உலக்கை நின்றது. அடுத்த கணம் துவக்கு முனை திரைச்சேலையை விலக்கியது. இருவர் உள்ளே வந்தார்கள். ஒருவன் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தான். மற்றவன் அலுமாரியைத் திறந்து இழுக்க, என் சேலைகளெல்லாம் நிலத்தில் விழுந்தன. "மூணாவது ஆள் எங்க?" என்று அவன் கத்தினான். நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன்.

அவர் அவர்களுக்குப் பின்னால் வந்து, கைகளை மேலே உயர்த்தியபடியே, ஒரு விரலை மட்டும் நீட்டி என் வயிற்றைக் காட்டினார்.

அலுமாரியைத் திறந்தவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். மற்றவனிடம் என்னவோ சொன்னான். துவக்கு தாழ்ந்தது. சிரித்தார்களா, ஏசினார்களா என்று தெரியவில்லை. வந்த வேகத்தில் வெளியே போனார்கள். அடுத்த வீட்டுக் கேற்றைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று மாதம் கழித்து எங்கள் மகள் சுகமாகப் பிறந்தாள். ஆனால் அன்றைக்கு எனக்கு அது எங்கே தெரியும்? அவர்கள் போனதும் எனக்கு வாய் வந்தது.

"உங்களுக்கு விசரே? ரெண்டெண்டு சொல்லியிருந்தால் பேசாமல் போயிருப்பாங்களே! சுட்டிருந்தால் என்ன செய்யிறது?"

அவர் நிலத்தில் குந்தி, விழுந்து கிடந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார்.

"என்னெண்டப்பா சொல்லுறது?" என்றார். "இருக்கிற பிள்ளையை இன்னொருக்கா இல்லையெண்டு என்ர வாயால சொல்ல ஏலாது."